ஹுவான் சாஞ்சேஸ் கோட்டான் வரைந்த முட்டைக்கோஸ்

ஸ்டில் லைஃப், அதாவது அசையாப் பொருள்களை வரையும் ஓவியம், என்றால் ஒரு குடுவை, இரண்டு ஆப்பிள், மடித்துப் போட்ட துணி, ஓவியம் பழகுபவர்களுக்கான பயிற்சி என்று நினைப்பவர்கள் ஸ்பானிய ஓவியர் ஹுவான் சாஞ்சேஸ் கோட்டானின் ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் போதும். 1602 வாக்கில், ஸ்பெயினின் டொலேடோ நகரில் இருந்தபோது வரைந்தது. இப்போது அமெரிக்காவின் சான் டியேகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் ஒரு மீட்டர்கூட வராது.

ஜன்னல் மாதிரி ஒரு கல் சட்டம். இடது பக்கம் மேலே மஞ்சளாக ஒரு குயின்ஸ் பழம் நூலில் தொங்குகிறது, பக்கத்திலேயே கொஞ்சம் தாழ்வாக இன்னொரு நூலில் முட்டைக்கோஸ், அப்புறம் கீழே சட்டத்தின் கல் திண்டின் மேல் வெட்டிய முலாம்பழமும் அதன் கீற்று ஒன்றும், கடைசியாக வலது ஓரத்தில் வெள்ளரிக்காய். கண் மேலிருந்து ஒரே வளைவில் வழுக்கிக்கொண்டு வந்து அந்த வெள்ளரிக்காயில் நிற்கும். அதன் நுனியோ திண்டைத் தாண்டி நம் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, கையை நீட்டித் தொட்டுவிடலாம் போல. முட்டைக்கோஸின் வெளி இலைகள் விரிந்து மடங்கியிருப்பதை, ஒவ்வொரு நரம்பையும், அவசரமே இல்லாமல் வரைந்திருக்கிறார். கட்டித் தொங்கவிட்டது அவர் கற்பனை அல்ல, சீக்கிரம் கெடாமலிருக்க அந்தக் காலத்து வீடுகளில் அப்படித்தான் வைப்பார்கள்.

ஆனால் என்னை இழுத்துப் பிடிப்பது வலது மேல் பக்கம் முழுக்க இருக்கும் கறுப்பு. அங்கே எதுவுமே இல்லை. சிகாகோ கலை நிறுவனத்தில் அவருடைய இன்னொரு படம் இருக்கிறது, கிட்டத்தட்ட இதே பழம், இதே காய்கள், அதே இடங்களில். அதில் மட்டும் இந்தக் காலி இடத்தில் வேட்டையாடிய பறவைகளைத் தொங்கவிட்டு நிரப்பியிருக்கிறார். அதுவும் நல்ல படம்தான், ஆனால் வளைவின் பலம் போய்விடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த இருட்டு சும்மா விட்ட இடம் அல்ல என்பது உடனே தெரியும்.

1603-இல் டொலேடோவை விட்டுக் கிளம்பி, பிறகு கிரனாடாவில் கார்த்தூசியன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் சகோதரராகச் சேர்ந்து, 1627-இல் இறக்கும்வரை துறவியாகவே இருந்தார். அதனால் இந்தக் காய்கறிகளிலேயே துறவைத் தேடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இது மடத்துக்குப் போகும் முன்பே வரைந்தது, இதில் இருப்பது ஒரு முட்டைக்கோஸை விடாமல் பார்த்த மனிதனின் கண். மடத்தில் அவர் பெரும்பாலும் வரைந்தது சமயப் படங்கள்தான், அவற்றில் ஒன்றுகூட எனக்கு இந்த அளவுக்கு மனதில் நிற்கவில்லை.