வாசிகசாலையின் சீ.ஆர். கொப்பி

எங்கள் வாசிகசாலையில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டுப் புத்தகம்) சணல் கயிற்றில் தொங்குகிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் அதைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கலாம் என்பது 2020இன் கடைசியில் நான் போட்ட சட்டம். முதல் சில மாதம் "நல்ல புத்தகம்", "பயனுள்ளது", "அனைவரும் வாசிக்கவேண்டும்" என்றுதான் வந்தது. ஒரு அண்ணை எல்லாப் புத்தகத்துக்கும் "வாசித்தேன்" என்று மட்டும் எழுதிக் கீழே கையெழுத்து வைப்பார், சம்பளப் பட்டியலில் வைப்பது மாதிரி. நாவல், கவிதை என்றால் இப்போதும் அப்படித்தான். ஆனால் வரலாறு, விவசாயம், காடு, தன்வரலாறு என்று வந்துவிட்டால் எங்கள் சனத்துக்கு வாய் திறந்துவிடும். அபுனைவு என்று சொன்னால் இங்கே ஒருத்தருக்கும் விளங்காது, "கதை இல்லாத புத்தகம்" என்று சொன்னால் சரி. முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கத்தில் அந்தக் கதை இல்லாத புத்தகங்களுக்கு என்ன மதிப்புரை வருகிறது என்று கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

கொப்பியிலேயே எனக்குப் பிடித்த பக்கம் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'க்கு வந்தது. ஜப்பானில் தாவர நோய் ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டுத் தகப்பனின் ஊருக்குத் திரும்பிக் கமம் செய்த மசனோபு புகுவோகா 1975இல் எழுதினது. அது அலுமாரியில் கிடந்து தூசு பிடித்துக்கொண்டிருந்தது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தின உடனே அந்தப் புத்தகத்துக்கு ஒரு வரிசை. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒரு அண்ணை கொண்டுபோய் இரண்டு மாதம் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது நின்றபடியே எழுதினார், அப்படியே தருகிறேன்:

"உழ வேண்டாமாம். பசளை வேண்டாமாம். களை பிடுங்க வேண்டாமாம். மருந்தும் வேண்டாமாம். வைக்கோலை வெட்டாமல் வயலுக்கையே பரவி விடட்டாம். அப்ப எங்கட மாடு என்னத்தைத் தின்னுறது? இந்தாளின்ர வயலில கோரை இல்லைப்போல."

பிறகு வாசல் மட்டும் போய்த் திரும்பி வந்து கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தார். "ஆனா தகப்பன்ர தோடை மரங்களைக் கத்தரிக்காமல் விட்டுச் சாகப் பண்ணினதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதால மிச்சத்தையும் நம்பலாம்."

இதைவிட நல்ல மதிப்புரை அந்தப் புத்தகத்துக்கு நான் வாசித்ததில்லை. நகரத்திலிருந்து அதைப் புகழ்கிறவர்கள் வைக்கோலை ஒரு தத்துவமாகப் பார்க்கிறார்கள், எங்கள் அண்ணைக்கு அது மாட்டுத் தீன். புகுவோகா தோற்ற இடம்தான் புத்தகத்தின் முக்கியமான இடம் என்று அவர் பிடித்ததும் சரி. கத்தரித்துப் பழக்கின மரத்தைத் திடீரென்று சும்மா விட்டால் கொப்புகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிப் பூச்சி பிடித்துச் செத்துப்போகும், இயற்கைக்கு விடுவது வேறு, கைவிடுவது வேறு என்று அந்த மனிதர் தன் பிழையிலிருந்துதான் படித்தார். பல பத்து வருடம் எடுத்து வயலைப் பழக்கினவரின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒரே போகத்தில் மாறச் சொன்னார்கள். தடையை அந்த வருடம் நவம்பரிலேயே திரும்ப எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்கிடையில் காலபோகம் விதைத்தாகிவிட்டது. அறுவடைக்கு வெட்டு மெசின் வந்த நாளில் அண்ணையின் வயலுக்குப் போனேன். எத்தனை மூட்டை என்று கேட்க வாய் வரவில்லை. அவரே, "புத்தகத்தில பிழை இல்லைத் தம்பி, குடுத்த தவணைதான் பிழை" என்றார். கொப்பியில் எழுதச் சொன்னேன், எழுதவில்லை.

'குமாயுன் புலிகள்' பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. ஜிம் கார்பெட் எழுதி, தி.ஜ.ர. தமிழாக்கினது. என்னிடம் இருக்கிற பிரதி மீள்குடியேறி வந்த புதிதில் வவுனியாவில் பழைய புத்தகக்காரரிடம் வாங்கினது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன விசரே?" என்று கேட்டு உடனேயே பேப்பரால் உறை போட்டு, மேலே "கணிதம்" என்று எழுதித் தந்தா. அந்த உறையோடு நாலு வருடம் பஸ்ஸில் போய் வந்தது. இப்போது உறை இல்லாமல் அலுமாரியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் கொப்பியில் எழுதியிருக்கிறான்: "இதில் வருவது உண்மையான புலி." அவ்வளவுதான். அவனுக்குப் பகிடி தெரிந்து எழுதினானா தெரியாமல் எழுதினானா என்று நான் கேட்கவில்லை. கார்பெட்டில் எனக்குப் பிடிப்பது சுடுகிற இடங்கள் இல்லை. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிற சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டு விழுத்தின பிறகு அதன் வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதி, கீழ்ப்பல் முழுசாகவே இல்லை, எப்போதோ யாரோ சுட்ட சூடு. ஏன் மனிதரைத் தின்ன வந்தது என்பதற்கு ஒரு பல்லைக் காட்டிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். யானை வேலியை உடைத்த காலையில் எங்கள் ஊரில் நடக்கிற பேச்சுக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டவேண்டும் போல இருக்கும்.

யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்' அடிக்கடி வெளியே போகிறது. பாதியில் திரும்பி வருகிறது. கோதுமைதான் மனிதனைப் பழக்கினது, மனிதன் கோதுமையை இல்லை என்று ஹராரி சொல்லுகிற இடத்துக்கு மட்டும் ஓரத்தில் யாரோ பென்சிலால் "நெல்லும்" என்று எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தில் எழுதக்கூடாது என்று பலகையில் போட்டிருக்கிறேன். இதை அழிக்கவில்லை.

கொப்பியில் அதிக பக்கம் தின்றது ஜே. பி. லூயிஸ். 1895இல் அச்சான வன்னி மாவட்டக் கையேடு, வவுனியாவையும் முல்லைத்தீவையும் பற்றியது, ஆங்கிலம். ஸ்கான் பிரதியை அச்செடுத்துச் சுருள் கட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். எந்தக் குளம் உடைந்து கிடக்கிறது, எந்த ஊரில் என்ன விதைக்கிறார்கள், காய்ச்சல், காடு, நேர்த்தி, பேய் பிசாசு எல்லாம் ஒரு அதிகாரியின் கண்ணால். களத்தில் சூடு மிதிக்கும்போது (கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது) எங்கள் ஆட்கள் பேசுகிற மொழியே வேறு என்று பிடித்து அதற்குத் தனியாக ஒரு கட்டுரையும் எழுதினவர் இதே லூயிஸ்தான். களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும் என்று தாத்தா என் வாயில் அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெட்டு மெசின் வந்த பிறகு களமும் இல்லை, அடிக்கிற ஆளும் இல்லை.

இந்த லூயிஸைச் சாட்டாக வைத்து ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற ஒரு பிள்ளைக்கும் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவருக்கும் கொப்பியில் நடந்த சண்டை நாலு பக்கம். வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31இல் வீரச்சாவடைந்தான் என்று பிள்ளை எழுதினாள். மாஸ்ரர் சிவப்பு மையால் (பழக்கதோசம்) கீழே எழுதினார்: "வெள்ளைக்காரன் நாட்டின கல்லில், இவ்விடத்துக்குக் கிட்ட கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்றுதான் இருந்தது. கொன்றான் என்று இல்லை." பிள்ளை விடவில்லை. "தோற்றது அவன் கல்லில் எழுதினது. எங்கட கல்லில் வேற எழுதியிருக்கு." அதற்கு மாஸ்ரர், "ஒரு கல்லை வாசிச்சால் மற்றக் கல்லையும் வாசி" என்று எழுதிவிட்டு, போகும்போது என்னிடம் மெதுவாக, "கெட்டிக்காரி, ஆர்ட்ஸ் படிக்கிறாளோ?" என்று கேட்டார். கற்சிலைமடு எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். மாஸ்ரர் அந்தப் பழைய கல்லைச் சின்ன வயதில் கையால் தடவி வாசித்தவர், அவள் இப்போது இருக்கிற சிலையைத்தான் பார்த்தவள்.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' பற்றிக் கொப்பியில் ஒன்றும் இல்லை. விடுதலைப் புலிகளின் அரசியல்துறை மகளிர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், 2015 ஒக்டோபரில் புற்றுநோயில் செத்துப்போனார், புத்தகம் அடுத்த வருடம் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அது சரி பிழை என்று வெளிநாட்டிலும் தமிழ்நாட்டிலும் எழுதினவற்றைக் கட்டினால் அந்தப் புத்தகத்தைவிடத் தடிப்பாக வரும். எங்கள் பதிவேட்டில் அதிகம் வெளியே போன புத்தகம் அதுதான், முதுகு விட்டுப்போய் இரண்டு தரம் பசை போட்டு ஒட்டினேன். எடுத்துப்போகிறவர்கள் ஒரு கிழமைக்குள் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கொப்பியைப் பார்க்காமல் போய்விடுவார்கள். என் சட்டத்தை அந்தப் புத்தகத்துக்கு நான் வற்புறுத்துவதில்லை. ஒரே ஒருவர் மட்டும் மூன்று வரி எழுதி, பிறகு பேனையால் அழுத்தி அழுத்தி வெட்டியிருக்கிறார், அடுத்த தாளும் கிழிந்து போகிற மாதிரி. வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. "ஆனால்" என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

கடைசியாக நொக்ஸ். றொபேட் நொக்ஸ், 1660இல் கொட்டியாரக் குடாவில் தகப்பனோடும் கப்பல் ஆட்களோடும் கண்டி ராசாவிடம் பிடிபட்ட பத்தொன்பது வயது இங்கிலீசுப் பெடியன். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். இவன் தொப்பி பின்னி விற்றுச் சீவித்து, பத்தொன்பதரை வருடத்துக்குப் பிறகு தப்பி ஓடி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டான். போனில் இறக்கி வைத்திருக்கிறேன். வாசிகசாலை விறாந்தையில் பின்னேரத்தில் வந்து இருக்கிற ஒரு ஐயா இருக்கிறார், தேன் எடுக்கிறவர், இளமையில் செட்டிகுளம் பக்கத்துக் காட்டில் மாடு பார்த்தவர். எழுத்து அவ்வளவு வராது. அவருக்கு அந்தத் தப்பி ஓடின பகுதியை நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன், மூன்று பின்னேரம்.

அனுராதபுரத்தில் நொக்ஸ் சந்தித்த ஆட்களுக்குச் சிங்களம் விளங்கவில்லை, அவர்கள் தமிழ் ஆட்கள் என்று எழுதியிருக்கிறான் (மலபார் என்பான்) என்று சொன்னபோது ஐயா ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, வெற்றிலையைத் துப்பிவிட்டு "மேல வாசி" என்றார். ஆற்றங்கரையோடு ஓடத் தொடங்கினான் என்றதும்தான் நிமிர்ந்தார்.

"எந்த ஆறு?"

"மல்வத்து ஓயா. எங்கட அருவியாறு."

"என்ன மாசம்?"

"ஒக்டோபர் பன்னிரண்டு."

"ஐப்பசி மழை பிடிக்க முந்தி. சரி. ரெண்டு கிழமை பிந்தியிருந்தா ஆறு விட்டிருக்காது. நிலவு?"

நான் திரும்பிப் போய்த் தேடினேன். நொக்ஸ் எழுதியிருக்கிறான், அன்று நிலவுக்குப் பதினெட்டு நாள் வயது என்று. அந்த வரியை நான் எத்தனையோ தரம் சும்மா தாண்டிப் போயிருக்கிறேன். ஐயா விரலில் எண்ணினார். "பறுவம் கழிஞ்சு மூண்டு நாலு நாள். இருட்டி ஒரு சாமம் போகத்தான் நிலவு வரும். ஊருக்குக் கிட்ட இருட்டில போகலாம், காட்டுக்குள்ள போனாப் பிறகு வெளிச்சம். பெடியன் சும்மா ஓடேல்லை, கணக்குப் பார்த்துத்தான் வெளிக்கிட்டிருக்கிறான்."

ஆறு நாளில், ஒக்டோபர் 18இல், அவனும் கூட வந்த ஸ்டீபன் றட்லண்டும் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அரிப்பு என்றதும் ஐயா அல்லிராணிக் கோட்டையா என்று கேட்டார். இல்லை, அல்லிராணிக் கோட்டை என்று எல்லாரும் காட்டுகிறது பிறகு வந்த இங்கிலீசுத் தேசாதிபதி நோர்த் கட்டின மாளிகை, ஒல்லாந்தர் கோட்டை அதற்குக் கிட்ட வேறாக இருக்கிறது என்று விளக்கினேன். அதை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஆற்றிலேயே நின்றார்.

"அந்த ஆத்தில நாங்களும் குளிச்சனாங்கள். செட்டிகுளம் முகாமில இருக்கேக்க."

நானும்தான். 2009இல் எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்தத் தண்ணீரில் குளித்தவர்கள்.

கொப்பியைக் கழற்றிக் கொண்டுவந்து, சொல்லுங்கோ ஐயா நான் எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார், "கூடப் பிடிபட்ட மற்ற வெள்ளைக்காரர்?"

"அவங்கள் அங்கையே. இவங்கள் ரெண்டு பேரும்தான் வெளிக்கிட்டது."

"சொல்லாமலோ?"

"சொல்லாமல்."

"சரி எழுது. மாசம் சரி. நிலவு சரி. ஆத்தைப் பிடிச்சுப் போனதும் சரி. மற்ற ஆக்களுக்குச் சொல்லாமல் போனதும் சரிதான் எண்டு எழுது." நான் எழுதி முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அந்தக் கடைசி வரியை வெட்டு" என்றார்.

வெட்டவில்லை. பேனை முடிந்துவிட்டது என்று சொன்னேன்.