நோர்வேக் காட்டில் இரவு தங்க: தொங்கு படுக்கையும் மழைத் தறப்பாளும்

நோர்வேயில் வந்து குடியேறிய எங்களில் பெரும்பாலோர் முதலில் பழகிக்கொள்வது படிவங்களையும் காத்திருப்பு வரிசைகளையும்தான். எந்தக் கதவைத் தட்டினாலும் அடையாள எண், வதிவிட அனுமதி என்று எதையாவது எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்தோடு காட்டுக்குள் போகிறவருக்கு இந்நாட்டின் 1957ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம் உண்மையிலேயே வியப்பைத் தரும். பயிர்நிலமும் வீட்டு வளவும் அல்லாத காட்டிலும் மலையிலும், நிலம் யாருக்குச் சொந்தமானாலும், எவரும் நடந்து திரியலாம், இரவு தங்கலாம். குடியுரிமை உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அங்கே கிடையாது. ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ விடுமுறைக் குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீற்றர் தள்ளிப் படுக்க வேண்டும். குடியிருப்புகளுக்கு அண்மையில் ஒரே இடத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தங்குவதானால் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டுவதற்குப் பொதுத் தடை உண்டு என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய உரிமையை நம்மவர்கள் பகல் நடையோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. இரவுக் குளிரையும் மழையையும் பற்றிய அச்சமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். சரியாகத் தேர்ந்த தொங்கு படுக்கையும், அதற்கு ஏற்ற தறப்பாளும், முதுகின் கீழே குளிரைத் தடுக்கும் ஏற்பாடும் இருந்தால் அந்த அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். கூடாரத்துக்குச் சமதரை வேண்டும். இங்குள்ள காட்டிலோ பாறை, வேர், சரிவு, பாசி பிடித்த ஈரநிலம் என்று சமதரை அரிதாகவே கிடைக்கிறது. தொங்கு படுக்கைக்கு நான்கு அல்லது ஐந்து மீற்றர் இடைவெளியில் உறுதியான இரண்டு மரங்கள் போதும்.

படுக்கையைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது நீளம். பகல் ஓய்வுக்கென்று செய்யப்படுபவை பெரும்பாலும் மூன்று மீற்றருக்குக் குறைவாகவே இருக்கும். அவற்றில் இரவு முழுவதும் படுத்தால் முதுகு வளைந்து, முழங்கால் பின்புறமாக அழுத்தப்பட்டு வலிக்கும். சராசரி உயரமுள்ள ஒருவருக்கு 3.3 மீற்றர் அளவிலான துணி வேண்டும். அந்த நீளம் இருந்தால்தான் நடுக்கோட்டிலிருந்து விலகி, தலை ஒருபுறமும் கால் மறுபுறமுமாகக் குறுக்கே படுக்க முடியும். அப்படிப் படுக்கும்போது துணி விரிந்து கொடுத்து உடலை ஏறத்தாழ நேராகத் தாங்குகிறது. முதுகு வளையுமே என்று தயங்குகிறவர்கள் பலரும் இந்தக் குறுக்குப் படுக்கையை ஒரு தடவைகூட முயன்று பார்க்காதவர்கள்.

அடுத்தது தொங்கும் கோணம். படுக்கை தொய்யாமல் இருக்கட்டும் என்று இழுத்து இறுக்கிக் கட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால் இறுக்க இறுக்க, படுக்கையை மரத்தோடு பிணைக்கும் பட்டிகளில் விழும் விசை பெருகிக்கொண்டே போகும். பட்டி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 75 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பட்டியிலும் ஏறக்குறைய அதே 75 கிலோ இழுவிசைதான் ஏற்படுகிறது. அதே ஆள், அதே மரங்கள், ஆனால் கோணம் 10 பாகை என்றால் ஒவ்வொரு பட்டியும் 210 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். தையல் பிரிவதும் மெல்லிய மரம் வளைவதும் இதனால்தான். படுக்கையின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஓடும் நீளாத கயிறு ஒன்று இருந்தால், மரங்களின் இடைவெளி எப்படியிருந்தாலும் தொய்வு மாறாது. அந்தக் கயிற்றின் நீளம் படுக்கையின் நீளத்தில் 83 சதவீதம் அளவில் இருப்பது வழக்கம். 335 சென்ரிமீற்றர் படுக்கைக்கு அது 278 சென்ரிமீற்றர் ஆகும். கண்ணாடியையும் தலைவிளக்கையும் தொங்கவிடவும் அதே கயிறு உதவும்.

மரத்தைச் சுற்றுவதற்குக் கயிறு வேண்டாம். குறைந்தது இரண்டரை சென்ரிமீற்றர் அகலமுள்ள பொலியெஸ்ரர் பட்டி வேண்டும். ஒடுங்கிய கயிறு பட்டைக்குள் வெட்டி, அதன் கீழே மரம் வளரும் மென்படலத்தைச் சிதைத்துவிடும். நைலோன் பட்டியோ பாரத்தில் நீண்டு, நள்ளிரவில் நம்மைத் தரையோடு சேர்த்துவிடும். மரத்தைப் பொறுத்தவரை என் தெரிவு எப்போதும் உயிருள்ள பைன் மரமே, ஏனென்றால் அதன் வேர் ஆழமாகப் போகிறது. ஸ்புரூஸ் மரத்தின் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. நனைந்த நிலத்தில் பெருங்காற்று வீசினால் அது வேரோடு சாயக்கூடும். பேர்ச் மரத்தில் இன்னொரு கவனம் தேவை. அதன் வெள்ளைப் பட்டை எளிதில் உக்காது. உள்ளே மரம் முழுவதும் உளுத்துப் போயிருந்தாலும் வெளியே நல்ல மரம் போலவே நிற்கும். கையால் தட்டிப் பார்த்து, உச்சியில் இலை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகே பட்டியைச் சுற்ற வேண்டும். அப்படியே மேலே முறிந்து சிக்கிய கிளைகள் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளலாம்.

இனி குளிர். புதிதாக வந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குளிரென்றால் மேலே போர்த்திக்கொள்ள வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். தொங்கு படுக்கையிலோ குளிர் கீழிருந்து வருகிறது. தூங்கும் பையின் அடிப்பகுதி உடல் பாரத்தில் நசுங்கி, வெப்பத்தைக் காக்கும் காற்றை இழந்துவிடுகிறது. அதன் கீழே காட்டுக்காற்று ஓயாமல் ஓடி உடற்சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. இதனால் 15 பாகை வெப்பமுள்ள கோடை இரவில்கூட நல்ல பைக்குள் படுத்திருப்பவருக்கு முதுகு விறைக்கும். இதற்குத் தீர்வு, படுக்கையின் வெளியே கீழ்ப்புறமாகத் தொங்கவிடும் கீழ்ப்போர்வை. வெளியே தொங்குவதால் அது நசுங்குவதில்லை. ஆனால் துணியோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி விழுந்தாலும் அதன் வழியே காற்று புகுந்துவிடும். படுத்தபின் கையைக் கீழே விட்டுத் தொட்டுப் பார்த்து, முனைக் கயிறுகளைச் சரிசெய்துகொள்வது நல்லது. கீழ்ப்போர்வை கிடைக்காதவர் நுரைப்பாயை உள்ளே விரிக்கலாம். இரட்டைத் துணிப் படுக்கையானால் பாயை இரு துணிகளுக்கும் இடையே செருகலாம், அது நழுவாமல் நிற்கும்.

மழைத் தறப்பாளில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மேற்குக் கரையின் பேர்கன் நகரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கிழக்குப் பகுதியில் அது மிகவும் குறைவு என்றாலும், கோடையிலும் நனையாமல் இருப்போம் என்று எண்ணிப் போகக்கூடிய நாடு இதுவல்ல. தறப்பாளின் முகட்டு நீளம், தொங்கும் படுக்கையின் இரு முனைகளையும் தாண்டி ஒவ்வொரு புறமும் ஒரு சாணாவது நீள வேண்டும். மேலே சொன்ன படுக்கைக்கு 3.4 மீற்றருக்குக் குறையாத முகடும், மூன்று மீற்றர் அளவு அகலமும் பொருந்தும். சதுரத் துணியைச் சாய்சதுரமாகக் கட்டுவது இலேசானது, ஆனால் காற்றோடு வரும் சாரலுக்கு அது நிற்காது. அறுகோணத் தறப்பாளே எடைக்கும் மறைப்புக்கும் நடுவே நல்ல தெரிவு என்பது என் கருத்து. துணியில் பொலியெஸ்ரரையே சொல்வேன். சிலிக்கன் பூசிய நைலோன் உறுதியானதுதான், ஆனால் நனைந்தால் நீண்டு தொய்யும். மழைக்குள் இறங்கிப் பக்கக் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டிவரும். நீர் தாங்கும் அளவு, அதாவது துணி கசியாமல் தாங்கக்கூடிய நீர்நிரலின் உயரம், 1500 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தறப்பாள் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீருக்கு இன்னொரு வழி உண்டு. மழையில் மரத்தண்டு வழியாக வழியும் நீர் பட்டியில் ஏறி, அதன் அடிவிளிம்பில் துளித்துளியாகத் திரண்டு, சரிவைப் பின்பற்றித் தறப்பாளுக்குள் ஊர்ந்து வந்து படுக்கைத் துணியில் சுவறும். தறப்பாளின் மறைப்புக்குள் வந்ததும், படுக்கைக்குச் சற்று முன்பாக, பட்டியில் ஒரு பருத்திக் கயிற்றுத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் துளிகள் அதன் வழியே இறங்கித் தரையில் சொட்டிவிடும். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தி, மறுபக்கத்தை உயர்த்திக் கட்ட வேண்டும். காட்டை அடைந்ததும் முதலில் கட்டுவது தறப்பாள், புறப்படும்போது கடைசியாக அவிழ்ப்பதும் அதுவே. மற்றவை அனைத்தும் அதன் கீழே உலர்ந்தபடி வெளியே வந்து உலர்ந்தபடியே பைக்குள் போகும்.

பூச்சிவலை கண் நெருக்கமானதாக இருக்க வேண்டும், நுளம்பைவிட மிகச் சிறிய கடிபூச்சிகள் இங்கே உண்டு. தெற்குக் கரையோரப் புதர்களில் உண்ணிகளும் இருப்பதால், படுக்கப் போகுமுன் கால்களையும் இடுப்பையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

தொடங்குகிறவர்களுக்கு யூன் மாதத்தைச் சொல்வேன். தென்பகுதியிலும் அப்போது இரவு முழுதாக இருளாது என்பதால், முடிச்சுகளை விளக்கின்றிச் சரிபார்க்கலாம். படுக்கையில் அமரும்போது நாற்காலி உயரத்துக்கு மேல் இருக்காதபடி கட்டினால் ஏறி இறங்குவது எளிது. இடுப்பு வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், அதே தறப்பாளை அதே மரங்களுக்கு இடையே இன்னும் தாழ்த்திக் கட்டி, சமமான ஓரிடம் பார்த்து, கீழே தடித்த பாய் விரித்து அவர்களைப் படுக்கவிடலாம்.