புது மட்டையின் பிடி ஆடினால்: கடைக்காரர் மாற்றித் தர மறுக்கும்போது செய்யவேண்டியவை

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்ற வரி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கடைகளின் பில்லிலேயே அச்சாகி இருக்கிறது. வாங்கி ஒரு கிழமைக்குள் அடி கழன்ற சப்பாத்தையோ பிடி ஆடுகிற துடுப்பு மட்டையையோ கொண்டுபோகிற பிள்ளை, கடைக்காரர் அந்த வரியை விரலால் காட்டியதும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறது. அப்படித் திரும்பி வரத் தேவையில்லை. நிறம் பிடிக்கவில்லை, அளவு பிழைத்துவிட்டது என்று போனால் மாற்றித் தருவதும் தராததும் கடைக்காரரின் விருப்பம். பொருளே பழுதென்றால் அந்த வரிக்குப் பெறுமதி இல்லை.

எங்கள் நாட்டில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும். அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். பில்லில் எழுதாவிட்டாலும் இவை ஒப்பந்தத்துக்குள் அடக்கம். "பில்லில் மறுத்து எழுதியிருக்கிறோமே" என்ற வாதத்துக்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் பதில் சொல்கிறது: சொந்தப் பாவனைக்கு வாங்குபவரிடம் இந்தப் பொறுப்பை ஒரு வரி எழுதிக் கழற்றிவிட முடியாது. மூன்றாவது, நடைமுறையில் எங்களுக்கு அதிகம் உதவுவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு, சொல்லித் தந்த உத்தரவாதத்தை மட்டுமல்ல, சொல்லாமலே உட்கிடையாக இருக்கும் உத்தரவாதத்தையும் கணக்கில் எடுக்கிறது. வாரண்டி அட்டை இல்லை என்பதற்காக உரிமை இல்லை என்று ஆகாது.

ஆனால் சட்டம் தெரிந்த கடைக்காரர் இந்த இடத்தில் சண்டை பிடிக்கமாட்டார். "நீங்கள் பாவித்த விதம் பிழை" என்பார். விளையாட்டுப் பொருட்களில் உண்மையான வழக்கு இதுதான். அடிவாங்கவே செய்த பொருட்கள் இவை, ஆகவே எது தயாரிப்புப் பழுது, எது பாவனைத் தேய்வு என்று முதலில் நீங்களே பிரித்துப் பார்க்கவேண்டும்.

மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடி, பலகைக்குள் ஆங்கில 'வி' வடிவில் இறங்கி ஒட்டப்பட்டிருக்கும். பலகையை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு பிடியை மெல்லத் திருகிப் பாருங்கள். அந்த 'வி' கோட்டில் மயிரிழை அளவு பிளவு திறந்து மூடினால், அல்லது 'டிக்' என்று சத்தம் வந்தால் பசை விட்டிருக்கிறது. மட்டையை எண்ணெய் பூசிப் பழக்கினீர்களா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, அநேகமாக இது தயாரிப்புப் பழுதுதான். மாறாக, முகப்பில் வரும் மெல்லிய வெடிப்புகள் பழுதல்ல. வில்லோ மென்மையான மரம், பந்து பட்டால் அப்படித்தான் ஆகும். ஓரத்தில் சிராய் எழும்புவதும் அதே வகை. அடிநுனி வீங்கியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, யோர்க்கர் பட்டு அடியில் கீறினால் அது ஆட்டத்தில் வந்த சேதம். பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டிப் பழக்காமல் புது மட்டையை நேரே கடினப்பந்துக்குக் கொண்டுபோனால் முகப்பு வெடிக்கும், அதற்குக் கடையைக் குறைசொல்ல முடியாது. "தட்டிப் பழக்கியது, நேரே விளையாடலாம்" என்று கடைக்காரரே சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. அந்தச் சொல் அவரைக் கட்டும்.

இங்கே அடிக்கடி நடக்கிற ஒன்று, மென்பந்து மட்டையைக் கடினப்பந்துக்கு விற்பது. மென்பந்து மட்டை என்று தெரிந்தே வாங்கிக் கடினப்பந்துக்கு அடித்தால் உங்களுக்கு வழக்கில்லை. கடினப்பந்துக்கு என்று கேட்டு அதைத் தந்திருந்தால் உங்கள் பக்கம் பலமானது. ஆகவே வாங்கும்போதே, "பில்லில் கடினப்பந்து மட்டை என்று எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேளுங்கள். வெறுமனே ஒரு கம்பனிப் பெயரைச் சொல்லி "அந்த மட்டை ஒன்று தாங்கோ" என்று வாங்கினால், தேவைக்குத் தகுந்தது என்ற பாதுகாப்பு பழைய கட்டளைச் சட்டத்தின்படி பலவீனமாகிவிடும். இங்கிலிஷ் வில்லோ என்று ஸ்ரிக்கர் ஒட்டி, விலை குறைந்த காஷ்மீர் வில்லோவை விற்றிருந்தால் அது தரக்குறைவு மட்டுமல்ல, 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிற பொய்யான விபரிப்பு. முறைப்பாட்டில் அதைத் தனியாக எழுதவேண்டும்.

உதைபந்து காற்று இறங்கினால் உடனே கடைக்கு ஓடவேண்டாம். உள்ளே இருக்கும் பை லேற்றெக்ஸ் என்றால் ஓரிரு நாளில் காற்றுக் குறைவது அதன் இயல்பு. பியூட்டைல் பை என்றால் அப்படிக் குறையக்கூடாது. எந்தப் பை என்பது பெரும்பாலும் பெட்டியில் அல்லது பந்திலேயே எழுதியிருக்கும். வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குக் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். தையலிலோ ஒட்டிலோ வந்தால் பெரும்பாலும் தயாரிப்புப் பழுது. வால்வு வாயில் வந்தால், ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தியதில் வால்வு கிழிந்தது என்று கடைக்காரர் சொல்ல இடமுண்டு. சைக்கிள் கடை கொம்பிரசரில் காற்றடிப்பதை விட்டுவிடுங்கள். 5ஆம் இலக்கப் பந்துக்கு விதிப்படி அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம், அதாவது சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 இறாத்தல். கொம்பிரசர் ஒரு நொடியில் அதைத் தாண்டிவிடும், தையல் வெடித்த பிறகு யார் பிழை என்று நிறுவவே முடியாது.

பூப்பந்து றக்கெற்றின் சட்டகம் வெடித்தால், வெடித்த இடத்தில் பெயின்ற் பெயர்ந்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சோடி ஆட்டக்காரரின் றக்கெற்றோடு மோதியது என்பார்கள், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெயின்ற் சுத்தமாக இருக்க, நரம்பு போகும் துளையிலிருந்து கீறல் தொடங்கியிருந்தால் றக்கெற்றில் எழுதியிருக்கும் ஆகக்கூடிய இழுவிசையைப் பாருங்கள். கடைக்காரரே அதற்கு மேலே இழுத்து நரம்பு கட்டித் தந்திருந்தால் பொறுப்பு அவருடையது. எத்தனை இறாத்தலில் கட்டியது என்பதையும் பில்லில் எழுதி வாங்கலாம்.

சப்பாத்தில் அடி முழுதாகப் பிரிந்தால் பசைப் பழுது. வெயிலில் மோட்டார் சைக்கிளில் விட்டதும், வாளியில் ஊறப்போட்டுக் கழுவியதும் பசையைக் கெடுக்கும், அது வேறு. அடி பிரியாமல் மாவாக உதிர்ந்தால், பொலியூரிதேன் அடி ஈரப்பதனில் பல வருடம் கிடந்து சிதைந்திருக்கிறது. விலைப்படாமல் கிடந்த பழைய சரக்கை விற்றிருக்கிறார்கள். இது பாவித்தவரின் பிழையே இல்லை.

பழுது என்று தெரிந்ததும் பொருளைப் பாவிப்பதை நிறுத்துங்கள். "இந்த மட்ச் முடியட்டும்" என்று தொடர்ந்து விளையாடினால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும், நிராகரிக்கும் உரிமை போய் நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். மட்டையின் பிடியுறையைக் கழற்றிப் பார்க்கவேண்டாம், பசை பூசி ஒட்டவும் வேண்டாம். பழுதைக் கிட்டவாக ஒரு படமும், பில்லையும் பொருளையும் சேர்த்து ஒரு படமும் எடுங்கள். பிடி ஆடுவதைச் சின்ன வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. பில் தரவில்லையா? வாங்குபவர் கேட்டால் திகதி, அளவு, விலை எழுதிய பற்றுச்சீட்டைக் கொடுப்பது விற்பவரின் சட்டக் கடமை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஆகவே வாங்குகிற நாளிலேயே கேளுங்கள்.

கடையில் மரியாதையாக, ஆனால் நேராகச் சொல்லுங்கள்: இன்ன திகதி வாங்கியது, இன்ன பழுது, மாற்றித் தாருங்கள் அல்லது காசைத் திருப்பித் தாருங்கள். "கொழும்புக்குக் கம்பனிக்கு அனுப்பவேணும்" என்ற பதில் வரும். அனுப்புவது அவர் பாடு. உங்களோடு ஒப்பந்தம் செய்தது கடை, கொழும்பு முகவர் அல்ல. பொருளை அங்கே விட்டுவிட்டு வருவதானால், பில்லின் பின்பக்கத்தில் "பழுது பார்ப்பதற்காகப் பெற்றுக்கொண்டேன்" என்று திகதி போட்டுக் கையொப்பமும் கடை முத்திரையும் வாங்காமல் கையை விட்டு விடாதீர்கள்.

ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்படியான முறைப்பாடுகளை விசாரிப்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. அதற்கான முறைப்பாடு, பொருள் விற்கப்பட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. "அடுத்த கிழமை வாங்கோ தம்பி, சாமான் வந்துவிடும்" என்ற ஒவ்வொரு தவணையும் அந்த மூன்று மாதத்துக்குள்ளேதான் ஓடுகிறது. மார்ச் மாதத்துப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெருஞ்சமரை மனதில் வைத்து ஜனவரியில் மட்டை வாங்கும் பிள்ளைக்கு, ஏப்ரலில் காலம் முடிந்துவிடும். பில்லில் உள்ள திகதிக்கு மூன்று மாதம் கூட்டி அதைக் கலண்டரில் குறித்துவையுங்கள். கடைக்கு இரண்டு கிழமைக்கு மேல் தவணை கொடுக்காதீர்கள்.

வாய்ப்பேச்சு பலிக்காவிட்டால் கடைக்கு ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபாலில். நீட்டி எழுத வேண்டியதில்லை:

"… ஆம் திகதி உங்கள் கடையில் … இலக்கப் பற்றுச்சீட்டின்படி ரூபா … செலுத்திக் கடினப்பந்து மட்டை ஒன்றை வாங்கினேன். … ஆம் திகதி பிடி இணைப்பில் பசை விட்டிருப்பது தெரிந்தது. … ஆம் திகதி நேரில் அறிவித்தும் மாற்றித் தர மறுத்தீர்கள். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் மட்டையை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்."

பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிய 14 நாள் இல்லையென்றால் தவணையைக் குறையுங்கள், அல்லது கடிதமும் முறைப்பாடும் ஒரே நாளில் போகட்டும். பல கடைகள் பதிவுத் தபால் வந்த கையோடு போன் எடுத்துக் கதைக்கும்.

அப்படி நடக்காவிட்டால், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கும் அதிகார சபையின் யாழ். மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். ஆனால் அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், முகவரி, திகதிகள் வரிசையாக, என்ன கேட்கிறீர்கள் என்பது கடைசியில். பில், படங்கள், கடிதம், தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றின் பிரதிகளையும் இணையுங்கள், மூலங்களைக் கையில் வையுங்கள். கொடுத்ததற்கு உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், மூன்று மாதத்துக்குள் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் சான்று.

விசாரணைக்கு அழைத்தால் பொருளோடு போங்கள். பழுது நிறுவப்பட்டால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் திருப்பி என்ற மூன்றில் ஒன்றுக்கு அதிகார சபை உத்தரவிடலாம். மாற்றுப் பொருளும் அதே தொகுதியிலிருந்துதான் வரும் என்று தெரிந்தால் பணத்தையே கேளுங்கள், முறைப்பாட்டில் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்.

கழகத்துக்கோ பாடசாலைக்கோ வாங்கியதென்றால் பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள்தான் முறையிடவேண்டும். கழகப் பெயரில் பில், கழகக் கடிதத் தலைப்பு, செயலாளரின் கையொப்பம் என்று எல்லாம் ஒத்துப்போகட்டும். பத்துப் பந்து வாங்கி மூன்று பழுதென்றால் மூன்றையும் தனித்தனியாக இலக்கமிட்டுப் படமெடுங்கள். பேஸ்புக் பக்கத்தில் வாங்குவோர் காசைக் கொடுக்க முதல் விற்பவரின் முகவரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பொதி பிரிப்பதை வீடியோ எடுங்கள். உரிமை அதேதான், ஆனால் முகவரி இல்லாத ஆளுக்கு எதிராக எந்த அலுவலகமும் அழைப்பாணை அனுப்ப முடியாது.

மூன்று மாதம் கடந்துவிட்டவர்களுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. அது இரண்டு பகுதியையும் கூப்பிட்டு இணக்கத்துக்குக் கொண்டுவரும், தீர்ப்புச் சொல்லாது. சட்டத்தரணி தேவையில்லை. கடைக்காரர் ஊரில் பெயரோடு இருப்பவர் என்றால் அங்கே பாதி விலையாவது திரும்பி வர வாய்ப்புண்டு, அதற்கும் பில்லும் படங்களும் வேண்டும்.