ஒரே ஒரு டிரைவ் இடம்: சிறிய கேமிங் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி தேர்ந்தெடுத்த அனுபவம்

என்னிடம் இருப்பது 2015-இல் வாங்கிய 13 அங்குல கேமிங் லேப்டாப். தனி கிராபிக்ஸ் சிப் உள்ள கணினி இவ்வளவு சிறிய உடலில் கிடைப்பது இன்றைக்கும் அரிது. அதனால் உள்ளிருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் தகராறு செய்யத் தொடங்கியபோது, லேப்டாப்பையே தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. டிஸ்க்கை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

தகராறு என்றால், விளையாட்டு நடுவில் உறைந்து நின்று சில விநாடிகள் கழித்துத் தொடரும். அப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீத வேலையில் இருப்பதாகக் காட்டும். படிக்கும் வேகமோ விநாடிக்கு 1 எம்பிகூட இருக்காது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன். மஞ்சள் எச்சரிக்கை. சி5 என்ற வரிசையில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஓர் எண் இருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகளின், கணக்கு அது. மென்பொருள் அந்த எண்ணை இயல்பாகப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்: 10 என்று இருந்தால் அது பதினாறு. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் நாள் கடத்தக் கூடாது.

புதிய டிரைவைத் தேடும் முன் அடிப்பலகையைத் திறந்து பார்த்துவிட்டேன். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு 2.5 அங்குல இடம், உயரம் 9.5 மி.மீ. பட்டை போன்ற மெல்லிய டிரைவைச் செருகும் எம்.2 இடம் கிடையாது. இது தெரிந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. விநாடிக்கு 3,500 எம்பி, 7,000 எம்பி என்று விளம்பரம் செய்யப்படும், என்விஎம்இ என்ற அதிவேக வகை டிரைவுகள் எனக்கு ஆகாது. என் லேப்டாப்பில் இருப்பது சாட்டா 3 என்ற பழைய இணைப்பு முறை. எந்த டிரைவைப் போட்டாலும் வேகம் ஏறக்குறைய 560 எம்பியோடு நின்றுவிடும். எம்.2 இடம் இருக்கும் லேப்டாப்பிலும் அது சாட்டாவை மட்டும் ஏற்கிறதா, என்விஎம்இயையும் ஏற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

இரண்டு டிரைவ் போட வசதி இருந்தால் வேகத்துக்கு ஒன்று, கொள்ளளவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். என்னைப் போல ஒரே இடம் உள்ளவர்கள் அந்த ஒன்றிலேயே இரண்டையும் தேட வேண்டும். முதலில் மலிவான 2 டிபி ஹார்ட் டிஸ்க்குகளைப் பார்த்தேன். 2.5 அங்குல அளவில் இவை பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. கூரை ஓடுகளைப் போலத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் அண்டைத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பெரிய அப்டேட் வரும்போது இது இழுத்தடிக்கும். சில மாடல்களில் இந்த முறையைச் சொல்லாமலே விற்றதைப் பெரிய தயாரிப்பாளர்கள் மூவரும் 2020-இல் ஒப்புக்கொண்டார்கள். பணம் கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டிய விஷயம் இது. அதை மறைத்ததில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

எஸ்எம்ஆர் இல்லாத டிஸ்க் கிடைத்தாலும் அடிப்படைக் குறை போகாது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு அரைச் சுற்று வருவதற்கே சராசரியாக 5.6 மில்லி விநாடி ஆகிறது. 7,200 சுற்றுத் தட்டுக்கு 4.2. சுழலும் பாகமே இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. விளையாட்டுகள் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுப்பதால், உறைந்து நிற்பதற்கு இந்தக் காத்திருப்பே பெரிய காரணம். சுழலும் தட்டோடு 8 ஜிபி பிளாஷ் சிப்பும் சேர்ந்த ஹைபிரிட் டிரைவையும் யோசித்தேன். ஆனால் 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டு ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது, எஸ்எஸ்டி கட்டாயம் என்றும் சொல்கிறது. அதற்கு முன்னால் 8 ஜிபி எந்த மூலைக்கு?

எஸ்எஸ்டி என்று முடிவான பிறகுதான் உண்மையான அலசல் தொடங்கியது. பெட்டியில் அச்சிட்ட வேகம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு தெரிவது நீண்ட நேரம் எழுதும்போது. சாம்சங் தன் 870 க்யூவிஓ 1 டிபி மாடலுக்குத் தானே தரும் குறிப்பைப் பாருங்கள்: தற்காலிக வேகப்பகுதி நிரம்பும் வரை, அதாவது அதிகபட்சம் 42 ஜிபி வரை, விநாடிக்கு 530 எம்பி, அதற்குமேல் 80 எம்பி. ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சி பிளாஷின் இயல்பு அது. ஆவணங்களும் படங்களும் வைத்திருப்பவருக்கு இதனால் குறையில்லை. நூறு ஜிபி விளையாட்டை இடம் மாற்றுபவருக்குப் பாதி வழியிலேயே ஹார்ட் டிஸ்க் காலம் திரும்பிவிடும். ஆகவே மூன்று பிட் டிஎல்சி, கூடவே டிராம் (எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ளும் வேக நினைவகம்) உள்ளது என்று வரையறுத்துக்கொண்டேன். டிராம் இல்லாத மலிவு டிரைவுகளை ஒதுக்கினேன்; இயங்குதளமும் விளையாட்டும் ஒரே டிரைவில் இருக்கும்போது அந்தச் சேமிப்பு வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியில் நின்றவை இரண்டு: சாம்சங் 870 ஈவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500. 1 டிபி அளவில் முன்னதற்கு 600 டிபி வரை எழுதலாம் என்ற உத்தரவாதம், பின்னதற்கு 360. இரண்டுக்கும் ஐந்தாண்டு. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 360 டிபியை எட்ட ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகும் என்பதால் விலை குறைந்த எம்எக்ஸ்500-ஐ எடுத்தேன்.

வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். கடைக்காரர் வேறொரு பெட்டியை நீட்டி, "தம்பி, இதுவும் 1 டிபிதான், வேகமும் அதேதான், விலை குறைவு" என்றார். "டிராம் உண்டா அண்ணா?" என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது இதில் போடவில்லை" என்று சொல்லி, நான் கேட்டதை எடுத்துவந்தார். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொன்னேன். உத்தரவாதம் கோர அது வேண்டும்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்காமல், அதாவது குளோன் செய்யாமல், விண்டோஸை புதிதாக நிறுவினேன். பழுதான செக்டர்களோடு குளோன் செய்தால் பாதியில் நிற்கும், அல்லது கெட்ட கோப்புகளும் கூடவே வரும். எனக்கு வேண்டியதெல்லாம் சேமித்த ஆட்டங்களும் சொந்தக் கோப்புகளும். லினக்ஸ் பென்டிரைவில் துவக்கி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் வெளி டிரைவில் பிம்பமாக எடுத்தேன். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்புவதுதான் அதன் சிறப்பு. எங்கே விட்டது என்று ஒரு குறிப்புக் கோப்பில் பதிந்து வைப்பதால் இடையில் நிறுத்தியும் தொடரலாம். விளையாட்டுகளின் சேமிப்பு எல்லாமே ஸ்டீம் கிளவுடுக்கு (ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் இணையச் சேமிப்புக்கு) போய்விடுவதில்லை. டாக்குமெண்ட்ஸ், ஆப்டேட்டா என்ற இரண்டு கோப்புறைகளிலும் தேட வேண்டும்.

பொருத்துவது சிறிய வேலை. பேட்டரி இணைப்பை முதலில் கழற்றினேன். எம்எக்ஸ்500-இன் உயரம் 7 மி.மீ.; பெட்டியிலேயே வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டியதும் 9.5 ஆகி, ஆடாமல் உட்கார்ந்தது. சாட்டா முனை மெல்லிய ரிப்பன் கேபிளில் இருந்ததால் மேல்நோக்கி இழுக்காமல் நேராகத் தள்ளிப் பொருத்தினேன். பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், டிரைவோடு பேசும் ஏஹெச்சிஐ முறையை உறுதி செய்துவிட்டு விண்டோஸ் 10-ஐ நிறுவியதும் உரிமம் தானாகவே வந்துவிட்டது. அது மதர்போர்டோடு பிணைந்தது, டிஸ்க்கோடு அல்ல. 1 டிபி என்பது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும்; கடைக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

இப்போது விளையாட்டுகள் திறப்பதும், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் கண்முன்னே விரைந்துவிட்டன. உறைந்து நிற்பது அறவே இல்லை. மின்விசிறி அடங்கினால் லேப்டாப்பிலிருந்து சத்தமே இல்லை. ஆனால் சராசரி எஃப்பிஎஸ், அதாவது திரையில் விநாடிக்கு வரும் காட்சிச் சட்டங்களின் எண்ணிக்கை, பழைய இடத்திலேயேதான் நிற்கிறது. அது கிராபிக்ஸ் சிப்பின் கையில் இருக்கிறது. எஃப்பிஎஸ் கூடும் என்று எண்ணி யாரும் எஸ்எஸ்டிக்குச் செலவழிக்க வேண்டாம்.