புக்வோர்மில் புகுந்த டிரிக்ஸி

பழைய அட்மின் வேலையை விட்டுப் போனதும் பில்டு மெஷின் என் தலையில் விழுந்தது. டெபியன் லினக்ஸின் 12ஆம் பதிப்பு, அதாவது புக்வோர்ம். எங்கள் சி++ புரோகிராமை அதில் கம்பைல் செய்து வாடிக்கையாளரின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அங்கேயும் புக்வோர்ம்தான். கம்பைல் செய்யத் தேவையான கருவிகளின் தொகுப்பான பில்ட்-எசென்ஷியலைப் போடப் போனால் எடுத்த எடுப்பிலேயே எரர். லிப்சி6 என்பது அநேகப் புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி லைப்ரரி (ஜிலிப்சி), லிப்சி6-டெவ் அதை வைத்துக் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் ஃபைல்கள். லிப்சி6-டெவ்வுக்கு லிப்சி6 2.36 வேண்டுமாம், மெஷினில் இருப்பது 2.41ஆம். போதாததற்கு, உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் ‘ஹோல்டு’ செய்து (பதிப்பு மாறாமல் பிடித்து) வைத்திருக்கிறீர்கள் என்று கடைசி வரியில் ஒரு குற்றச்சாட்டு.

அந்தக் கடைசி வரியை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்டிடம் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கொடுத்துப் பார்த்தேன், பட்டியல் காலி. ‘ஆப்ட் பாலிசி லிப்சி6’ கொடுத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நிறுவியிருக்கும் பதிப்பைக் காட்டும் மூன்று நட்சத்திரம் 2.41க்கு நேரே நின்றது. அதன் கீழே எந்த ரெபோவின் (பேக்கேஜ் களஞ்சியத்தின்) முகவரியும் இல்லை, நிறுவியவற்றின் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் ஃபைல் மட்டும்தான். 2.41 என்பது 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, டிரிக்ஸியின் சரக்கு. ஆப்டின் ஹிஸ்டரி லாகைத் திறந்தால் கதை முழுக்க அங்கே இருக்கிறது: யாரோ ஓர் எடிட்டரின் புதுப் பதிப்புக்காக டிரிக்ஸியைச் சேர்த்திருக்கிறார், அது லிப்சி6-ஐயும் இழுத்து வந்திருக்கிறது. அப்புறம் ரெபோ வரியை மட்டும் அழித்துவிட்டுப் போயிருக்கிறார், புண்ணியவான்! லிப்சி6-டெவ் தன் பதிப்பும் லிப்சி6-இன் பதிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் உள்ளே வரும்.

இப்படி வேறென்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ‘ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்ட்’ கொடுத்து, ‘லோக்கல்’ என்று முடியும் வரிகளைத் தேடுங்கள். இப்போதைய ரெபோ எதிலும் இல்லாத பதிப்புகள் அவை.

“டெவ் பேக்கேஜையும் டிரிக்ஸியிலிருந்தே எடுத்தால் முடிந்தது” என்றார் டீமில் ஒருவர். எனக்கு மனசே இல்லை, ஆனால் கெடு நெருங்கியதால் அவர் பேச்சே எடுபட்டது. பில்டு பச்சை காட்டியது. எல்லாருக்கும் சந்தோஷம். வாடிக்கையாளரின் சர்வரில் ஓட்டினால் ‘ஜிலிப்சி_2.38 கிடைக்கவில்லை’ என்று அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. 2.38 முதல் ஜிலிப்சியின் ஹெடர்கள், நாம் சாதாரணமாக எழுதும் எஸ்டிஆர்டூஎல் (strtol, எழுத்துகளை எண்ணாக்குவது) அழைப்பையே சி மொழியின் புதிய தரமான சி23க்கான புதுப் பெயருக்குத் திருப்பிவிடுகின்றன. கோடில் ஓர் எழுத்து மாறாவிட்டாலும் பைனரி அந்தப் புதுப் பெயரைத்தான் கேட்கும், 2.36இல் அது கிடையாது. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது.

சரி, 2.36க்கே இறக்கிவிடலாமா? எந்தப் பதிப்புக்கு முன்னுரிமை என்று ஆப்டுக்குச் சொல்லும் பின் பிரையாரிட்டியை 1001 ஆக்கினால் ஆப்ட் டவுன்கிரேடுக்குச் சம்மதிக்கும். ஆனால் டெபியன் அதற்குப் பொறுப்பேற்காது. ஒத்திகையாக ‘--சிமுலேட்’ போட்டபோது நீக்கப்போகும் பேக்கேஜ் பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. அதோடு அந்த யோசனைக்கு முழுக்குப் போட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது டாக்கரில் ஒரு சுத்தமான புக்வோர்ம் கண்டெய்னர், அதாவது மெஷினுக்குள்ளேயே தனித்து நிற்கும் ஒரு சூழல். அதை எழுப்பியதெல்லாம் சுலபம். ஆனால் சோர்ஸ் ஃபோல்டரை மவுண்ட் செய்து பில்டு கொடுத்ததும் புதுச் சண்டை: இந்த ஃபைல் பழைய புரோட்டாக்கில் உருவானது, உங்கள் புரோட்டோபஃப் ஹெடர்களோடு ஒத்துப்போகாது என்று கம்பைலர் நின்றது. புரோட்டோபஃப் என்னும் தரவு வடிவத்துக்கான கோடை உருவாக்கித் தரும் கருவிதான் புரோட்டாக். கண்டெய்னரில் பழைய புரோட்டாக்குக்கு வழியே இல்லையே! பழைய மெஷினில் ‘விச் புரோட்டாக்’ கேட்டேன். யூஎஸ்ஆர்-லோக்கலில் கையால் நிறுவிய ஒன்று உட்கார்ந்திருந்தது. அது எப்போதோ உருவாக்கிய பிபி ஃபைல்கள் சோர்ஸோடு சேர்ந்து கண்டெய்னருக்குள் வந்துவிட்டன. தேதி சரியாக இருந்ததால் பில்டை நடத்தும் மேக் அவற்றைத் தொடவே இல்லை. இப்படி கிட்டில் சேராத ஃபைல்களை அழிக்கும் ‘கிட் கிளீன்’ கட்டளையை முதலில் ‘-எக்ஸ்டிஎன்’ (-xdn) போட்டு ஒத்திகையாக ஓட்டி, எதெல்லாம் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டில் இன்னும் சேர்க்காத உங்கள் புது ஃபைலும் அதில் போய்விடும். பிறகு நிஜமாகவே ஓட்டியபோது சிமேக் கேஷும் (பழைய பில்டு அமைப்புகளின் சேமிப்பு) ஒழிந்தது, நல்லதாகப் போயிற்று.

புதுப் பதிப்பு வேண்டியவர்கள் டெபியனின் பேக்போர்ட்ஸ் ரெபோவைப் பாருங்கள். புக்வோர்முக்காகவே மறுபடி கம்பைல் செய்தவை, நீங்களாகக் கேட்காமல் உள்ளே வராது.

இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன் ‘ஆப்ஜ்டம்ப் -டி’ (பெரிய எழுத்து T) போட்டு, பைனரி கேட்கும் ஜிலிப்சி பதிப்புகளைப் பார்த்துவிடுகிறேன். இந்த முறை அதிகபட்சம் 2.34. சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.