பின்னணியில் சத்தமில்லாமல் செத்த கட்டளை

நேற்று ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட்டில் மூன்று கட்டளைகளை & போட்டுப் பின்னணிக்கு அனுப்பினேன். கடைசியில், பின்னணி வேலைகள் முடியும்வரை காத்திருக்கும் வெயிட் (wait) கட்டளை மட்டும். "முடிந்தது" என்று வந்தது. காலையில் பார்த்தால் ஒரு கோப்பு 0 பைட்.

பாஷ் என்ற, கட்டளைகளை இயக்கும் ஷெல் நிரலில் & போட்ட வரிக்கு $? (கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடு, அதாவது அது எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்; 0 என்றால் வெற்றி) எப்போதும் 0தான். கட்டளையைக் கிளப்பியாயிற்று, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பிராசஸ் எண் (ஓடும் நிரலின் அடையாள எண்) கொடுக்காத வெயிட்டும் 0தான் திருப்பித் தரும். என்னைக் கவிழ்த்தது இதுதான்.

இப்போது ஒவ்வொரு & வரிக்கும் அடுத்த வரியிலேயே $! தரும் பிராசஸ் எண்ணை ஒரு மாறியில் பிடித்து வைக்கிறேன். அப்புறம் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனி வெயிட். கட்டளையின் உண்மையான எக்ஸிட் கோடு அங்கேதான் கிடைக்கிறது. முதல் தடவையே 127 (கட்டளை கிடைக்கவில்லை) வந்தது: கட்டளையின் பெயரில் எழுத்துப் பிழை! பிழைச் செய்திகளையும் இனி 2> போட்டுத் தனித்தனிக் கோப்பில் சேர்க்கிறேன். ஒரே திரையில் கலந்தால் எது எதனுடையது என்று பிரிக்க முடியாது.