ஏரியும் அடிச்சேறும்

தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலைன்னா இந்தக் கேள்வில இருந்து தப்பிக்கவே முடியாது, "சாக்கடைய நிறுத்தியாச்சே சார், அப்புறம் ஏன் ஏரி இன்னும் பச்சையாவே கிடக்கு?" பாவம், காசு செலவழிச்சு பைப் போட்டவங்க கேக்கறாங்க. அடிச்சேத்துல இருக்கற பாக்டீரியாவ யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல.

சென்னைப் புறநகர் ஏரிகள்ல மீன் பிடிக்கறவங்களோட தெர்மாகோல் தெப்பத்துல போய் அக்ரிலிக் குழாய கீழ குத்தி சேறு எடுப்போம். மேல ரெண்டு மூணு மில்லிமீட்டர் பழுப்பு, அதுக்குக் கீழ கன்னங்கரேல்னு இருக்கும், மூடிய தொறந்தா அழுகின முட்டை நாத்தம். அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு, ட்ரேல கொட்டி வெச்சா காத்து பட்டு கொஞ்ச நேரத்துல மேல்பக்கம் பழுப்பாக ஆரம்பிச்சிடும். ஆக்சிஜன் இறங்கறது அந்த மேல் ஏடு வரைக்கும்தான்.

அதுக்குக் கீழ இருக்கற பாக்டீரியாவும் பொழைக்கணும்ல, செத்த பாசி, ஆகாயத்தாமரை இலை, பழைய கழிவுன்னு எல்லாத்தையும் தின்னுட்டு ஆக்சிஜனுக்கு பதிலா நைட்ரேட்ட எடுத்துக்கும், அது தீந்தா மாங்கனீசு, இரும்பு, சல்பேட்னு போய் கடைசில மீத்தேன்ல வந்து நிக்கும், துடுப்பால குத்தினா குபுகுபுன்னு வர்றதுல முக்காவாசி அதுதான். நைட்ரேட்ட எடுக்கறது நமக்கு லாபம், நைட்ரஜன் வாயுவாகி காத்தோட போயிடும். ஆனா அம்மோனியாவ நைட்ரேட்டா மாத்தற வேலைய ஆரம்பிச்சு வைக்கற நைட்ரோசோமோனாஸ்ங்கற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கண்டிப்பா வேணும், விடியக்காலைல ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்சு போற ஏரில அது எங்க நடக்கும்? ரிப்போர்ட்ல அம்மோனியா எகிறிக்கிட்டே இருக்கும்.

பாஸ்பரஸ் இன்னும் மோசம். அது காத்துல போற சரக்கே இல்ல, துருப்பிடிச்ச இரும்போட ஒட்டிக்கிட்டு சேத்துல எஃப்.டி. போட்ட மாதிரி வருஷக்கணக்கா உக்காந்திருக்கும், பாக்டீரியா அந்த இரும்பக் கரைச்சா அதுவும் தண்ணிக்கு வந்துடும், பாசிக்கு விருந்துதான்.

ஸ்வீடன்ல ட்ரும்மன் ஏரிக்கு 1950கள் கடைசியிலயே சாக்கடைய நிறுத்திட்டாங்க, பத்து வருஷமாகியும் தேறல, 1970, 71ல சேத்த அரை அரை மீட்டரா உறிஞ்சி எடுத்த பிறகுதான் தண்ணி தெளிஞ்சுது. இதுக்காக சாக்கடைய நிறுத்த வேணாம்னு சொல்ல வரல, அத நிறுத்தாம சேத்த எடுத்தும் புண்ணியமில்ல.

இதெல்லாம் விளக்கி சேறு டெஸ்ட்டையும் சேத்து கொட்டேஷன் அனுப்பினா, பெரும்பாலும் அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிட்டு திருப்பி அனுப்புவாங்க. கலர் லைட் வெச்ச ஃபவுண்டனுக்கு மட்டும் எப்படியோ பட்ஜெட் இருக்கும்.